விக்கிப்பீடியாவை ஆய்வுக்குப் பயன்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேடு எழுதும் மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பத்திரிகைக்கு எழுதும் நண்பர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பல ஆண்டுகளாக விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைத் திருத்தியும் எழுதியும் வருபவன். அதன்மேல் எனக்கு மிகுந்த பற்று உண்டு. அந்தப் பற்று இருப்பதால்தான், அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை எப்படி நம்புவது?

மொத்தமாக நம்பவும் வேண்டாம், மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம். "இந்த வரிக்கு என்ன ஆதாரம்?" என்று வரிவரியாகக் கேட்டுப் பழகுங்கள்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, பின்னர் விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நியூப்பீடியா என்றொரு இணையக் கலைக்களஞ்சியத்தை நடத்திப் பார்த்தார்கள். துறை வல்லுநர்கள் எழுதி, ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டினால்தான் அதில் கட்டுரை வெளிவரும். அது மூடப்படும்வரை முழுதாகத் தேறிவந்த கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. கதவைத் திறந்துவிட்ட பிறகே வளர்ச்சி வந்தது. ஆனால் வெளியீட்டுக்கு முன்பு நடந்த சரிபார்ப்பு, வெளியீட்டுக்குப் பின்பு நடப்பதாக மாறியது. நீங்கள் படிக்கும் நிமிடத்தில் ஒரு வரி சரிபார்க்கப்பட்டிருக்கலாம், யார் கண்ணிலும் படாமலே இருக்கலாம். எது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது வாசகரின் பொறுப்பு.

ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. "இது உண்மை" என்று விக்கிப்பீடியா தன் பெயரில் உறுதி தருவதே இல்லை. நடுநிலையாக எழுத வேண்டும், வெளியான சான்றைக் காட்ட வேண்டும், சொந்த ஆய்வைப் புகுத்தக் கூடாது என்ற மூன்றும் அதன் அடிப்படைக் கொள்கைகள். அதாவது, "இன்னார் இப்படி எழுதியிருக்கிறார்" என்று எடுத்துச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அப்படியானால் அந்த இன்னார் யார் என்று போய்ப் பார்க்காமல் எப்படி விட முடியும்?

அச்சில் வந்த கலைக்களஞ்சியங்களைவிட இதில் பிழை அதிகமா?

2005 டிசம்பரில் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123. பெரும் பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. பிரிட்டானிக்கா இதைக் கடுமையாக மறுத்தது. நேச்சர் தன் முடிவில் நின்றது.

இந்த ஒப்பீட்டை எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்" என்று சொல்கிறவர்களிடம் நான் உடன்படுவதில்லை. பார்த்தது அறிவியல் கட்டுரைகளை, அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் 2005இல். ஒளிச்சேர்க்கை பற்றிய கட்டுரைக்குக் கிடைத்த மதிப்பெண்ணை, ஒரு குறுநில மன்னரைப் பற்றிய கட்டுரைக்கோ, பதவியில் இருக்கும் ஓர் அரசியல்வாதியைப் பற்றிய கட்டுரைக்கோ தூக்கிக் கொடுக்க முடியாது.

யாராவது விஷமத்தனமாக எழுதிவிட்டால் எவ்வளவு நேரம் அப்படியே நிற்கும்?

பலர் பார்க்கும் பக்கமாக இருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். தானியங்கி நிரல்களும் காவல் காக்கும் பயனர்களும் உடனே நீக்கிவிடுவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில்தான் ஆபத்து. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலர் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று 2005 மே மாதம் ஒருவர் எழுதிவைத்தார். அப்பட்டமான பொய். நான்கு மாதங்களுக்கு மேல் அது அப்படியே இருந்தது. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டை, அடிக்குறிப்பு இருந்தாலும், மூலத்தைப் படிக்காமல் எடுத்து எழுதாதீர்கள்.

கட்டுரையைத் திறந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நான் முதல் பத்தியைப் படித்துவிட்டு நேராக அடிக்குறிப்புகளுக்குப் போவேன். பிறகு மேலே இருக்கும் "வரலாறு", "உரையாடல்" ஆகிய இரண்டையும் திறப்பேன். கட்டுரையின் மீதி அதற்குப் பிறகுதான்.

வரலாற்றுப் பக்கத்தில், ஒவ்வொரு திருத்தமும் தேதி, நேரம், பயனர் பெயரோடு பதிவாகியிருக்கும். எந்த இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் போனது, எந்தச் சொல் வந்தது என்று பார்க்கலாம். ஒரே ஒருவர் ஒரே மூச்சில் எழுதிய கட்டுரையா, பலர் கைபட்டதா? நேற்று திடீரென்று ஒரு பெரிய பத்தி சேர்ந்திருக்கிறதா? ஒரே எண் 300 என்றும் 3,000 என்றும் மாறி மாறித் திருத்தப்படுகிறதா? அப்படியானால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாமல், அதன் மூலத்தைத் தேடிப் போக வேண்டும்.

உரையாடல் பக்கம் இன்னும் சுவையானது. கட்டுரையில் வழவழவென்று ஒரு வாக்கியம் இருக்கும். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நடந்த வாக்குவாதம் முழுவதும் இங்கே இருக்கும். எந்த நூலை ஒரு தரப்பு ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை, எந்தச் சொல்லுக்காகச் சண்டை நடந்தது என்பதெல்லாம் தெரியவரும். ஆய்வுத் தலைப்புத் தேடி அலையும் மாணவர்களை நான் முதலில் அனுப்புவது இந்தப் பக்கத்துக்குத்தான். அறிஞர்கள் எங்கே பிரிந்து நிற்கிறார்கள் என்பதை இவ்வளவு சீக்கிரம் காட்டும் இடம் வேறு அதிகம் இல்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் ஆகியோருக்கு இணையப் பக்கங்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே அதைவிட்டு வெளியேறி, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

அடிக்குறிப்புகள் நிறைய இருந்தால் கட்டுரை தரமானது என்று கொள்ளலாமா?

கூடாது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007ஆம் ஆண்டு "பிச்சோலிம் மோதல்" என்றொரு கட்டுரை உருவானது. கோவாவை ஆண்ட போர்த்துக்கீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் 1640–41இல் நடந்த போர் பற்றியது. ஏறக்குறைய 4,500 சொற்கள், வரிசையாக அடிக்குறிப்புகள், நூற்பட்டியல் என்று எல்லாம் இருந்தன. அந்த ஆண்டே அதற்கு "நல்ல கட்டுரை" என்ற தரச் சான்றும் கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2012 டிசம்பரில், ஒரு பயனர் அந்த நூற்பட்டியலில் இருந்த நூல்களைத் தேடிப் பார்த்தார். முக்கியமான நூல்கள் எதுவும் எந்த நூலகத்திலும் இல்லை. அப்படி ஒரு போரே நடக்கவில்லை. பிச்சோலிம் என்ற ஊர் மட்டும் கோவாவில் உண்மையாகவே இருக்கிறது.

இந்தக் கட்டுரையைப் பிடிக்க நூலகம்கூடத் தேவையில்லை என்பது என் எண்ணம். மராட்டியப் பேரரசை நிறுவிய சிவாஜி பிறந்தது 1630. முடிசூடியது 1674. பத்து வயதுச் சிறுவனாக அவர் இருந்தபோது எந்த மராட்டியப் பேரரசு போர்த்துக்கீசியரோடு போரிட்டிருக்கும்? பள்ளிப் பாடத்தில் படித்த இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் சந்தேகம் எழுந்திருக்கும். அடிக்குறிப்புகளின் எண்ணிக்கை அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்துவிட்டது.

ஆகவே ஓர் அடிக்குறிப்பைப் பார்த்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த நூல் உண்மையில் இருக்கிறதா? அது அந்தச் செய்தியைச் சொல்கிறதா? சொல்லும் தகுதி அதற்கு உண்டா? முதல் கேள்விக்கு நூலகப் பட்டியலில் தேடினால் போதும். 13 இலக்கப் பன்னாட்டுத் தர நூல் எண் (ISBN) கொடுத்திருந்தால் ஒரு சின்னச் சோதனையும் செய்யலாம்: இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். வரும் தொகை 10ஆல் மீதியின்றி வகுபடவில்லை என்றால், அந்த எண் தவறாகத் தட்டச்சு செய்யப்பட்டது, அல்லது கற்பனை. இரண்டாவது கேள்விக்கு அந்தப் பக்கத்தையே திறந்து படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் நேர்கின்றன. நூல் இருக்கும், பக்கமும் இருக்கும், ஆனால் நூலாசிரியர் "இருக்கலாம்" என்று எழுதியதைக் கட்டுரை "இருந்தது" என்று மாற்றியிருக்கும்.

அதே தகவல் வேறு நாலைந்து இடங்களிலும் இருக்கிறது. அப்படியானால் சரிதானே?

அந்த நாலைந்து இடங்களும் எங்கிருந்து எடுத்தன?

2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், தென் அமெரிக்காவில் வாழும் கோவாட்டி என்ற விலங்கைப் பற்றிய கட்டுரையில், அதற்கு "பிரேசில் ஆர்ட்வார்க்" என்ற பெயரும் உண்டு என்று விளையாட்டாகச் சேர்த்தார். கோவாட்டி ரக்கூன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு. இரண்டுக்கும் உறவே இல்லை. ஆனால் அந்தப் பெயர் செய்தித்தாள்களில் வந்தது, நூல்களில் வந்தது. பிறகு அந்தச் செய்தித்தாளையே சான்றாகக் காட்டி விக்கிப்பீடியாவில் அடிக்குறிப்பும் போட்டார்கள். பொய் ஒரு சுற்றுச் சுற்றிவந்து தனக்குத் தானே சாட்சி சொன்னது. 2014வரை இது யாருக்கும் உறைக்கவில்லை.

2009 மார்ச்சில் இசையமைப்பாளர் மோரீஸ் ஜார் இறந்தபோது, ஓர் அயர்லாந்து மாணவர் அவர் சொன்னதாக ஒரு பொய் மேற்கோளைக் கட்டுரையில் செருகினார். சான்று இல்லை என்று விக்கிப்பீடியர்கள் அதைத் திரும்பத் திரும்ப நீக்கினார்கள். ஆனால் பல நாட்டுச் செய்தித்தாள்கள் அதற்குள் அதை இரங்கல் செய்தியில் அச்சிட்டுவிட்டன. அந்த மாணவரே எழுதித் தெரிவிக்கும்வரை அவற்றுக்குத் தெரியவில்லை.

எனவே ஒரு தகவலை உறுதிசெய்ய விரும்பினால், அது விக்கிப்பீடியாவில் எந்தத் தேதியில் ஏறியது என்று வரலாற்றுப் பக்கத்தில் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்பு வெளியான ஒரு நூலிலோ இதழிலோ அது இருந்தால் தனிச் சான்று. எல்லாமே அதற்குப் பின்பு வந்தவை என்றால், ஒரே குரலின் எதிரொலிகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆய்வேட்டில் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாமா?

பொதுவாக வேண்டாம். எந்தக் கலைக்களஞ்சியமும் மூன்றாம் நிலைச் சான்றுதான், அதாவது பிறர் எழுதியதைத் தொகுத்துத் தருவது. இந்த அறிவுரையை ஜிம்மி வேல்ஸே மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அடிக்குறிப்பில் உள்ள நூலைத் தேடிப் படித்து, அதைக் காட்டுங்கள். படிக்காமலே அடிக்குறிப்பை மட்டும் பெயர்த்து எழுதுவது நேர்மையற்ற செயல். பார்க்காத நூலைப் பார்த்ததாகச் சொல்வது அது.

விதிவிலக்கு உண்டு. விக்கிப்பீடியாவே உங்கள் ஆய்வுப் பொருள் என்றால், அதைத்தான் காட்ட வேண்டும். அப்போது சாதாரண முகவரியைக் கொடுக்காமல் "நிலையான இணைப்பு" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்த அந்தக் குறிப்பிட்ட வடிவத்தை அது என்றைக்கும் காட்டும்.

தமிழில் படிப்பதா, ஆங்கிலத்தில் படிப்பதா?

இரண்டிலும் படியுங்கள். ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி அல்ல. ஒவ்வொரு மொழிக்கும் தனி ஆசிரியர் கூட்டம், தனி விவாதம், தனி நடைமுறை. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு இருக்கிறது. தமிழ் இலக்கியம் பற்றி ஆங்கிலத்தில் கிடைக்காத செய்திகள் இதில் உண்டு. மொழிபெயர்ப்பில் வந்த கட்டுரைகளில், மூலம் திருத்தப்பட்ட பிறகும் பழைய தகவலே தங்கிவிடுவதும் உண்டு.

ஆள் குறைந்த மொழிப் பதிப்புகளில் ஒருவர் கை ஓங்கிவிட முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழிப் பதிப்பில் அந்த மொழியே சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியிருந்தது 2020இல் வெளிவந்தது. சீனப் பதிப்பில் இடைக்கால ருஷ்ய வரலாறு பற்றி ஒருவர் பத்தாண்டுகளாகக் கற்பனையாக எழுதிவந்த 200க்கும் மேற்பட்ட கட்டுரைகள் 2022இல் பிடிபட்டன. குரோவேசியப் பதிப்பில் ஒரு சிறு நிர்வாகிகள் குழு இரண்டாம் உலகப் போர்க்கால வரலாற்றைத் திரித்துவந்ததை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட அறிக்கையே விவரித்தது. சிறிய பதிப்புகளில் உழைக்கும் நல்லவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நானே அவர்களில் ஒருவன். நாலு பேர் காவல் காக்கும் ஊரையும் நாற்பதாயிரம் பேர் காவல் காக்கும் ஊரையும் ஒன்றாக எண்ண முடியாது, அவ்வளவுதான்.

ஒருவரைப் பற்றிக் கட்டுரையே இல்லை என்றால், அவர் முக்கியமானவர் இல்லை என்று பொருளா?

2018இல் டோனா ஸ்டிரிக்லாண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவர் பெயரில் கட்டுரை இல்லை. சில மாதங்களுக்கு முன்பு ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவு, போதிய சான்று இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. பத்திரிகைகள் யாரைப் பற்றி எழுதவில்லையோ அவரைப் பற்றி விக்கிப்பீடியாவாலும் எழுத முடியாது. பெண்கள், வாய்மொழி மரபினர், அச்சு ஊடகம் எட்டிப் பார்க்காத மக்கள் ஆகியோர் விடுபடுவது இப்படித்தான். உங்கள் ஆய்வு இவர்களைப் பற்றியது என்றால் கள ஆய்வும் ஆவணக் காப்பகமும்தான் கதி.

ஒரே செய்திக்கு இரண்டு விதமான தகவல் இருந்தால் எதை எடுப்பது?

ஒரு நிஜ உதாரணத்தைப் பார்ப்போம். சுப்பிரமணிய பாரதி மறைந்த நாள் செப்டம்பர் 11, 1921 என்று சில இடங்களிலும், செப்டம்பர் 12 என்று சில இடங்களிலும் படிக்கிறோம். வயது 38 என்பார்கள், 39 என்பார்கள்.

வயதை நாமே கணக்கிடலாம். பிறந்தது 1882 டிசம்பர் 11. 1921 செப்டம்பரில் அவருக்கு 38 வயது முடிந்து ஒன்பது மாதம். 1921இலிருந்து 1882ஐக் கழித்துவிட்டு, டிசம்பர் இன்னும் வரவில்லை என்பதைக் கவனிக்காவிட்டால் 39 வரும். நாள் விஷயம் வேறு. அவர் உயிர் பிரிந்தது 11ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில். விடிந்தால்தான் மறுநாள் என்று கொள்கிறவருக்கு அது 11. நள்ளிரவோடு நாள் மாறும் நாட்காட்டிக்கு அது 12. இரண்டும் ஒரே இரவைத்தான் சொல்கின்றன.

எது அதிக இடங்களில் இருக்கிறதோ அதை எடுப்பது சோம்பேறித்தனம். ஒரு வேறுபாடு ஏன் பிறந்தது என்று தேடுங்கள். சில நேரம் ஒன்று வெறும் பிழையாக இருக்கும், வயதுக் கணக்கைப்போல. சில நேரம் இரண்டுக்கும் காரணம் இருக்கும், மறைந்த நாளைப்போல. அந்தக் காரணத்தை உங்கள் அடிக்குறிப்பில் இரண்டு வரியில் எழுதிவிட்டால், உங்களுக்குப் பின்வரும் ஆய்வாளருக்கு ஒரு நாள் உழைப்பு மிச்சம்.

மருத்துவம், சட்டம் பற்றிய கட்டுரைகள்?

சொற்களைப் புரிந்துகொள்ளப் படியுங்கள். மருந்தின் அளவையோ சட்டப் பிரிவையோ அங்கிருந்து எடுக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்டுச் சரிபார்க்கலாமா?

அந்த நிரல்கள் படித்துப் பழகிய நூல்களில் விக்கிப்பீடியாவும் ஒன்று. ஆகவே அவற்றின் பதில் விக்கிப்பீடியாவோடு ஒத்துப்போனால் புதிதாக எதுவும் உறுதியாகிவிடவில்லை. இல்லாத நூலை ஆசிரியர் பெயர், பக்க எண்ணோடு எழுதித் தரும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. அப்படி எழுதப்பட்ட பத்திகள் விக்கிப்பீடியாவுக்குள்ளும் நுழைகின்றன, நாங்கள் நீக்கிக்கொண்டிருக்கிறோம். பிச்சோலிமுக்குச் சொன்ன மூன்று கேள்விகளே இங்கும் போதும்.

உரையையும் படங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

உரை, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வருகிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும். மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். படங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் இருக்கும் என்பதால் படத்தைச் சொடுக்கி அதன் பக்கத்தைப் பாருங்கள். ஆனால் உரிமம் இருக்கிறது என்பதற்காகப் பெயர் சொல்லாமல் ஆய்வேட்டில் ஒட்டினால் அது எழுத்துத் திருட்டுதான்.

பிழையைக் கண்டால் என்ன செய்வது?

திருத்துங்கள். சான்று கையில் இருந்தால் "தொகு" என்பதைச் சொடுக்கி மாற்றிவிட்டு, நூலின் பெயரையும் பக்க எண்ணையும் அடிக்குறிப்பாகச் சேருங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். உங்களைப் பற்றியோ நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தைப் பற்றியோ உள்ள கட்டுரை என்றால் கை வைக்காதீர்கள். உரையாடல் பக்கத்தில் சொன்னால் வேறொருவர் பார்த்துத் திருத்துவார்.

சில நேரம் உங்கள் திருத்தத்தை யாராவது திரும்ப நீக்கிவிடலாம். மனம் வருந்தி விலகிவிட வேண்டாம், பதிலுக்கு நீங்களும் மாற்றிப்போட வேண்டாம். உரையாடல் பக்கத்தில் சான்றை வைத்து, அவரிடம் காரணம் கேளுங்கள். என் திருத்தங்களில் சிலவற்றை அப்படி நீக்கியவர்கள், எனக்குத் தெரியாத நூல்களைக் காட்டியிருக்கிறார்கள்.